மஞ்சள் வைத்த ஆண்டறிக்கை

என் மனைவி துளசி ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆண்டறிக்கை வடிவமைக்கிறாள். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, கோலசிலாங்கூர் அச்சுக்கடையில் கல்யாணக் கார்டு போட்டுக்கொண்டிருந்தவள், இன்று புக்கிட் ரோத்தான் வீட்டில் உட்கார்ந்தபடி பேராசிரியர்களோடு கணினியில் கூட்டம் போடுகிறாள். நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். எனக்கு அந்த வேலையில் ஒரு மண்ணும் புரியாது. பல்கலைக்கழகம் வருடம் முழுக்க என்ன செய்தது என்று சொல்லும் புத்தகத்தை யார் படிக்கப்போகிறார்கள்? கேட்டால் அவளுக்குக் கோபம் வரும்.

"படிக்க வைக்கத்தானேங்க நான் இருக்கேன்!"

இந்த வருடம் பல்கலைக்கழகக் கமிட்டி அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டது. புதுசாக வேண்டும் என்றார்கள். புதுசாகச் செய்தால், போன வருடத்தது போல் இல்லையே என்றார்கள். என்னதான் வேண்டுமாம் இவர்களுக்கு? பிடிக்காவிட்டால் வேலை கோலாலம்பூர் கம்பெனிக்குப் போய்விடும் என்று வேறு மிரட்டல். அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அடிக்கடி என்னைச் செகிஞ்சானுக்கு இழுத்துக்கொண்டு போய், நாற்று முதல் அறுவடை வரை வயலைப் படம் எடுத்தாள். அதை வைத்து அறிக்கைக்குப் பக்கம் பக்கமாக எதையோ வரைந்துகொண்டே இருந்தாள்.

கடைசியில் கமிட்டியிடம் நேரில் காட்டவேண்டிய மாதிரிப் பிரதி அச்சாகி வந்தது, ஒன்றே ஒன்று. வெள்ளை அட்டை, சுற்றிலும் கறுப்புக் கரை. எனக்குப் பகீரென்றது. அசல் கருமாதிப் பத்திரிகை! அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் வைத்துவிட்டேன். கல்யாணக் கார்டுக்கு வைப்பதில்லையா? இதுவும் நல்ல காரியத்துக்குத்தானே போகிறது.

வந்து பார்த்தவள் அலறினாள். "ஐயோ! என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? இத எடுத்துக்கிட்டு எப்படி மீட்டிங் போவேன்?"

"கறுப்பா இருந்துச்சு லா... மங்களமா இருக்கட்டுமேன்னு..."

"கறுப்பு கேட்டதே அவங்கதான்! என் பொழப்பே போச்சு!"

துடைக்கத் துடைக்க மஞ்சள் பரவியது. வேறு வழியில்லாமல் அதையே எடுத்துக்கொண்டு போனாள். நான் லோரியை எடுக்காமல் வீட்டிலேயே கிடந்தேன்.

மதியம் திரும்பி வந்தாள். கமிட்டிக்கு அட்டை ரொம்பப் பிடித்துவிட்டதாம். கறுப்போடு மஞ்சள் என்ன அழகு, எல்லாப் பிரதியிலும் இப்படியே வேண்டும் என்றார்களாம். அடுத்த வருட வேலையும் அவளுக்கே.

நான் துள்ளினேன். அவள் அழுதாள்.

"வேலை கிடைச்சதுக்கு யாராச்சும் அழுவாங்களா? கிறுக்கு பிடிச்சிருச்சா உனக்கு?"

"அட்டையவே பாத்துப் பேசிட்டு எழுந்து போயிட்டாங்க. உள்ள ஒரு பக்கம்கூட யாரும் திருப்பல."

சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

"அவங்கள விடுங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மஞ்ச வைக்கிறப்ப நீங்களாவது திறந்து பாத்தீங்களா?"

நானும் அட்டையைத்தான் பார்த்திருந்தேன்.