பச்சைப் பொத்தான்

அந்த ஆஸ்பத்திரியில் அவளைத் துணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த விரிப்பு எந்த வார்டுக்கு, எது சலவைக்கு, எதைக் கிழித்துத் தரை துடைக்கலாம் என்றெல்லாம் முடிவு செய்கிற துணி அறை அவள் பொறுப்பு. பெரிய டாக்டரே ஒருமுறை கூடுதலாகத் தலையணை உறை கேட்டு வந்து, வெறுங்கையோடு திரும்பிப் போனார். அப்படி ஒரு ராஜாங்கம்.

வீட்டில் இருப்பது அவள் புருஷன் மட்டும்தான். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். சர்க்கரை வியாதி கண்ணைப் பறித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது, அவருக்கு மருந்து வருகிறது. சாயங்காலம் வந்து முகம் கழுவியதும் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவாள். தலைப்புச் செய்தி முதல் ‘காணவில்லை’ அறிவிப்பு வரை ஒன்று விடக்கூடாது. ஒரு வரியைத் தாண்டினாலும் மனிதர் கண்டுபிடித்துவிடுவார்.

“கியர் மாத்தாம ஓட்டுறியே” என்பார்.

துணி அறைக்கும் ஒருநாள் கம்ப்யூட்டர் வந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவன் ரயிலைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி பேசிவிட்டுப் போனான். ஏதாவது தப்பாகத் தட்டி, மொத்த ஆஸ்பத்திரியும் நின்றுபோனால்? தினமும் அவள் திரை முன்னால் தடுமாறுவதைப் பார்த்துப் பக்கத்து வார்டு நர்ஸ்தான் வழி சொன்னாள்.

“அக்கா, எது கேட்டாலும் பச்சையை அமுக்குங்க. சிவப்பு பக்கம் மட்டும் போகாதீங்க.”

நர்ஸைக் குறை சொல்லக்கூடாது. அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. அந்த யோசனையும் நன்றாகவே பலித்தது, அதுதான் கேடு. விரிப்பு வந்து சேர்ந்ததா? பச்சை. ஷிப்ட் மாற்றம் சம்மதமா? பச்சை. கேள்வியைப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டாள். கண் பச்சையை மட்டும் தேடியது. “கம்ப்யூட்டர் ஒண்ணும் பெரிய விஷயமில்லீங்க” என்று புருஷனிடம் பீற்றிக்கொண்டாள், பாவம்.

ஒருநாள் மதியம் நிர்வாக அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். அங்கே இருந்தவன் தன்மையாகத்தான் பேசினான்.

“உங்க விருப்பத்தை ஏத்துக்கிட்டாங்கம்மா. இந்த மாசத்தோட நின்னுக்கலாம்.”

“என்ன விருப்பம் தம்பி?”

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். துணி வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுக்கப் போகிறார்களாம். தானாகவே விலகச் சம்மதிப்பவர்கள் பச்சையை அழுத்தலாம், வேலையில் தொடர விரும்புகிறவர்கள் சிவப்பை அழுத்தலாம்.

“எனக்கு இங்கிலீஷ் வராதே.”

“நம்ம மொழியிலதான்மா போட்டிருக்கோம். பாருங்க.”

ஆமாம். பெரிய எழுத்தில், சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி இருந்தது. நாளெல்லாம் துணி மடித்துவிட்டு வந்தும் ‘காணவில்லை’ அறிவிப்பு வரை படிக்கிறவள், இதை மட்டும் படிக்கவில்லை. திரையில் வருவது அமுக்குவதற்கு என்றே இருந்துவிட்டாள்; படிப்பதற்கும்தான் என்று தோன்றவே இல்லை.

“இப்ப சிவப்பை அமுக்கிடுறேன்பா.”

“ஒரு தடவைதான்மா கேட்கும்” என்று அவன் கையை விரித்தான். அவள் அழுதாள். அவன் தண்ணீர் கொடுத்தான், அந்த அறிவிப்பை ஒரு தாளில் எடுத்தும் கொடுத்தான். வேறு என்ன செய்வான்?

சாயங்காலம் வழக்கம்போலப் பேப்பரைப் படித்து முடித்தாள். பிறகு அந்தத் தாளைப் பிரித்து, அதே குரலில் அதையும் படித்தாள். விஷயத்தைச் சொல்ல அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

அவர் சிரித்தார். “எவன்டி இதுக்குப் பச்சையை அமுக்குவான்? என்னை மாதிரி குருடன்கூட யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தானே அமுக்குவான்.”

தாள் மடிகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் சிரிப்பு மெல்ல நின்றது.

“நீ ஒரு வரியை விட்டுட்டே” என்றார். “யாருக்கு அனுப்பினதுன்னு மேல பேரு இருக்கும். அதைப் படி.”

அவள் தாளை மறுபடி பிரித்து, தன் பெயரைப் படித்தாள்.