லியனார்ட் அண்ணன் குலுக்கவில்லை

எங்கள் மலைமுகில் கால்பந்துக் கழகம் சொந்த மைதானத்தில் ஏன் தோற்பதில்லை என்று கேட்டால், ஹட்டனில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். கோச் தன்னால்தான் என்பார். பாதிப் பேர் அம்மன் அருள் என்பார்கள், மீதிப் பேர் மாதா அருள் என்பார்கள். அந்தக் கழகத்தில் ஜெர்சி துவைத்து, பந்துக்குக் காற்றடிக்கிற வீரய்யா நான். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: கித்துல்கலைக்கு மேலே இருக்கிற வளைவுகள். கீழ்நாட்டு அணி எதுவும் அதில் வாந்தி எடுக்காமல் மேலே வந்து சேர்ந்ததில்லை. வெளிறிப்போய் இறங்குகிறவன் என்னத்தை ஓடுவான்? நாங்கள் கீழே போனால் வெயிலில் வெந்து, தோற்றுவிட்டு வருவோம். அது வேறு விஷயம்.

தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டுப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை உதைத்து விளையாடிய அந்தக் கழகம், சம்பளம் கொடுக்கிற தொழில்முறைக் கழகமாகிச் சில வருஷம் ஆகிறது. சம்பளம் என்றதும் கண்ணை விரிக்காதீர்கள், மரக்கறி வாங்கத்தான் காணும். அதில் ஒரு சம்பளம், கழகத்தின் 'ரோசா' என்கிற சின்ன பஸ்ஸை ஓட்டுகிற லியனார்ட் அண்ணனுக்கு.

அண்ணன் வண்டியில் யாரும் வாந்தி எடுத்ததாகச் சரித்திரம் இல்லை. வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைத்துவிடுவார், வளைவுக்குள் பிரேக்கைத் தொடவே மாட்டார். தோட்டத்தில் நிறைமாசக்காரிக்கு வலி வந்தால், "லியனார்ட்ட கூப்புடு" என்றுதான் முதல் சத்தம் கேட்கும். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுவார், காசு வாங்கமாட்டார். அவர் மனைவி பெயர் ஜோசப்பின்; அந்த அக்கா தன் முதல் பிள்ளையை எட்டாம் மாதத்தில் இழந்தது கொழுந்து லொறியில் குலுங்கிப் போனதில்தான். ஓட்டியவன் வேறு ஆள். அதற்குப் பிறகுதான் அண்ணன் லைசென்ஸ் எடுத்தார்.

போன பருவத்தின் கடைசி ஆட்டம் நீர்கொழும்பு அணியோடு. தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள், சம்பளம் எல்லாருக்கும் நின்றுவிடும். அன்று பார்த்து அவர்களுடைய பஸ் கித்துல்கலையில் படுத்துவிட்டது. ஆட்டத்தைத் தள்ளி வைத்தால் கீழே வெயிலில்தான் நடத்துவார்களாம். கழகச் செயலாளர் விஜிதரன், டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர், எங்கள் ரோசாவையே அனுப்பினார். அனுப்பும்போது ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

"அண்ணே, வளைவுல கொஞ்சம் தாராளமா ஒடிச்சு விடுங்க. அவனுங்க குடலு வாய்க்கு வரணும்."

"என் வண்டியில ஏறுனா எனக்கு எல்லாரும் ஒண்ணுதாங்க."

"உங்க சம்பளமும் இதுலதான் இருக்குண்ணே!"

அண்ணன் வண்டியை எடுத்தார். நானும் கூடப் போனேன்.

நீர்கொழும்புப் பையன்களை ஏற்றிக்கொண்டு, என்றைக்கும் ஓட்டுகிற மாதிரியேதான் ஓட்டினார். விடியுமுன் எழுந்து வந்த பையன்கள். கினிகத்தேனையில் தலைகள் சாய்ந்தன, வட்டவளையில் குறட்டை கிளம்பியது.

"அண்ணே, ஒரே ஒரு வளைவு..." என்று மெதுவாக இழுத்தேன்.

"வாய மூடிக்கிட்டு வா, வீரய்யா."

நடந்தது என்ன தெரியுமா? மைதானத்துக்கு வந்து அவர்களைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. நேரம் பிந்திவிட்டதால் நேரே ஆட்டம். குளிரில் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றவர்களுக்கு, கண் முழுசாகத் திறக்கிறதுக்குள் நாங்கள் இரண்டு கோல் போட்டுவிட்டோம்! விழித்த பிறகு விளாசினார்கள் பாருங்கள், ஒன்று வாங்கித் தப்பினோம். போகும்போது அவர்களுடைய கோல்கீப்பர் அண்ணனைக் கட்டிப்பிடித்து, "ஹொந்தட்ட நிந்த கியா, ஐயே" என்று சிங்களத்தில் சொன்னான். நல்லாத் தூங்கினானாம்!

அத்தோடு விட்டிருக்கலாம். விஜிதரன் மைக்கைப் பிடித்தார். "லியனார்ட் அண்ணன் குலுக்குன குலுக்குல எதிராளிக்கு எந்திரிக்கவே தெம்பில்ல!" கூட்டம் அண்ணனைத் தோளில் தூக்கியது. "நான் குலுக்கலைங்க" என்று அவர் கத்தினால், "தெரியும்ணே, தெரியும்" என்று கண்ணடிக்கிறார்கள். யாரோ போனில் பிடித்த அந்த வீடியோ அன்றைக்கே பக்கத்து ஊர் கொட்டகலை வரை போனது. வீட்டுக்குப் போனால் ஜோசப்பின் அக்கா, "என்னாங்க, நெசமாவே குலுக்குனீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் அன்று சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் எங்கள் தோட்டத்து வேலாயியின் மருமகளுக்கு வலி கண்டது. அண்ணன் வாசலைத் தாண்டி அவளை முச்சக்கர வண்டியில் கொண்டுபோனார்கள். அண்ணன் கையில் சாவியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விஜிதரனை நாலு அறை விடலாமா என்று இருந்தது எனக்கு.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த விஜிதரனின் மகள் நிஷாந்திக்கும் வலி வந்தது. கடை டவுனில் என்றாலும் அவர்கள் வீடு தோட்டத்து மேட்டில், பாதையெல்லாம் பள்ளம். இரவெல்லாம் தூங்காத கண்ணோடு விஜிதரன் அண்ணனிடம்தான் ஓடிவந்தார். அண்ணன் ரோசாவை எடுத்தார். ஜோசப்பின் அக்காவும் நானும் ஏறிக்கொண்டோம். ஆனால் மேட்டு வீட்டு வாசலில் போய் நின்றால், நிஷாந்தி பஸ் படியில் கால் வைக்க மறுத்துவிட்டாள்.

"இவரு குலுக்குவாருன்னு நீங்கதானப்பா மைக்ல சொன்னீங்க? நான் ஏறமாட்டேன்!"

அதற்குள் அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது, வேலாயி உட்பட.

"அது சும்மா சொன்னதும்மா! குலுக்கச் சொன்னது நான்தான். இவரு மாட்டேன்னுட்டாரு!"

அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். "இன்னொருக்கா சத்தமாச் சொல்லுங்க. வேலாயிக்குக் காது கொஞ்சம் மந்தம்."

சொன்னார். மைக் இல்லாமலே லயம் முழுக்கக் கேட்டது. வேலாயி தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் இறங்கிவந்து, நிஷாந்தியின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் நிஷாந்தி ஜோசப்பின் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கி நடந்தாள். விஜிதரனைத்தான் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், பின் சீட்டில் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். எழுப்பப் போன என்னை அண்ணன் தடுத்தார். நான் போனை எடுத்து அந்தக் குறட்டையை வீடியோ பிடித்தேன். அது கொட்டகலையையும் தாண்டிப் போனது.