தரையில் நிற்கும் ஸ்பீக்கர்

அடி அண்ணாமலை ஊர்க்காரர் சகாதேவன் கட்டிய நெல் மூட்டையை மண்டிக்காரர்கள் திரும்ப எடை போட்டுப் பார்க்க மாட்டார்கள். அளந்து முடித்த பிறகும் மேலே ஒரு கை அள்ளிப் போடுகிற மனுஷன். அப்பேர்ப்பட்டவரை ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி திருடனாக்கியது.

எண்பத்தாறில் மகள் எல்லம்மாளுக்கு டவுனில் மாப்பிள்ளை அமைந்தது. முருகையனுக்கு லாரி ஆபீசில் வேலை. வீட்டில் டி.வி.யும் வீடியோ டெக்கும் இருந்தன. ஹாலையே சினிமா தியேட்டராக்க வேண்டுமாம். அதற்குத் தரையில் நிற்கிற பெரிய ஸ்பீக்கர் ஜோடி வேண்டும் என்று அவன் அம்மா ராணியம்மாள் சீர்வரிசையில் சேர்த்துவிட்டாள். இல்லையென்றால் கல்யாணமே இல்லை.

ரேடியோ கடை சாந்த் பாஷா இரண்டு விதத்தையும் போட்டுக் காட்டினார். "அந்த ஹாலுக்கு அலமாரில வெக்கிற சின்னதே ஜாஸ்திங்க. பெரிசு எதுக்கு?"

"சீரு தெருவுல போவணும் பாய். இத தட்டுல வெச்சா வெத்தல பாக்குல மறைஞ்சிடும்."

ஆனால் பெரியதன் விலையைக் கேட்டதும் சகாதேவன் மடியிலிருந்த பணத்தை இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தார். சின்ன ஜோடியைத்தான் வாங்கினார். ஊர் ஆசாரியைப் பிடித்து மார்பளவுக்கு இரண்டு பலகைப் பெட்டி செய்து, மேல்பக்கம் சின்ன ஸ்பீக்கரைப் பொருத்தி, முன்னால் கறுப்புத் துணி அடிக்கச் சொன்னார். பார்வைக்குக் குறையே இல்லை. தூக்கினால்தான் தக்கை. சீர் எடுக்கிற பெண்கள் ஒற்றைக் கையால் தூக்கிவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

அடியில் மணலைக் கொட்டலாம் என்றார் ஆசாரி. மகள் தலையில் மண்ணை அள்ளிப் போட எந்த அப்பனுக்கு மனசு வரும்? பதர் போடவும் அவருக்குக் கை வரவில்லை. விதைக்கு வைத்திருந்த நெல்லைக் கொட்டி ஆணி அடித்தார். பொய்யில்கூடக் கலப்படம் செய்யத் தெரியாத மனுஷனுக்குப் பொய் எதற்கு?

சீர் ஊர்வலத்தில் பெட்டியைத் தூக்கியவர்களுக்குக் கழுத்து நொந்தது. ராணியம்மாளுக்கு முகம் மலர்ந்தது. கல்யாணம் நடந்தது.

ஐப்பசி மழையில் முருகையன் வீட்டு ஹாலுக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் வடிந்துவிட்டது; பெட்டிக்குள் ஏறிய ஈரம் வடியவில்லை. நெல் ஊறி உப்பி, பலகை பிளந்தது. ஒரு காலையில் கறுப்புத் துணியைக் கிழித்துக்கொண்டு பச்சைப் பசேலென்று முளை எட்டிப் பார்த்தது. நல்ல விதை அல்லவா, ஒன்றுகூடச் சோடை போகவில்லை.

எல்லம்மாள் துணிப்பையோடு அப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"சின்னதே குடுத்திருந்தா சீரு கம்மின்னு திட்டியிருப்பாங்கப்பா. திட்டு வாங்கினு இருந்திருப்பேன். இப்ப திருடன் பொண்ணுன்றாங்க."

சகாதேவனுக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது. செத்தால் மகளை யார் கொண்டுபோய் விடுவது? கறவை மாட்டைப் பிடித்துப்போய் விற்றார். பாஷா கடையில் அசல் பெரிய ஜோடியை வாங்கி வண்டியில் ஏற்றி, மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, சம்பந்தி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இதுல என்ன பயிர் வெச்சிருக்கீங்க? தொறங்க, பாக்கலாம்" என்றாள் ராணியம்மாள். தெரு கூடிவிட்டது. முருகையன் திருப்புளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அசல் சரக்கு, பயம் எதற்கு? சகாதேவன் எல்லோருக்கும் தெரியும்படி பெட்டியைத் திருப்பி வைத்து, பின்பலகையைக் கழற்றினார்.

மேலே இரண்டு ஸ்பீக்கர், கொஞ்சம் ஒயர், ஓரத்தில் ஒட்டிய பஞ்சு. அதற்குக் கீழே அடிவரைக்கும் ஒன்றுமே இல்லை. பெரிய பெட்டிக்குள் பெரிதாக ஏதோ இருக்கும் என்றுதான் அவரும் நம்பியிருந்தார். சத்தம் கனமாக வர அந்தக் காலி இடம் வேண்டும் என்று தெரிந்தவர் பாஷா ஒருவர்தான். அவர் கடையில் இருந்தார்.

ராணியம்மாள் குனிந்து பார்த்தாள். "இந்த வாட்டி நெல்லுகூட இல்ல."

தெரு சிரித்தது. "சத்தியமா அசலுதாம்மா, போட்டுக் கேளுங்க" என்று சகாதேவன் கையெடுத்துக் கும்பிட்டார். கதவு சாத்திக்கொண்டது.

மகள் ஒருத்தியாவது தன்னை அறிவாள் என்று வண்டிப் பக்கம் திரும்பினார். எல்லம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"மறுபடியும் ஏம்பா இப்டி பண்ண?" என்றாள்.