வத்தல்மலை மூங்கில் பூத்த வருஷம்

யுத்தகாலத்தில் தர்மபுரியில் தாவரத் தோட்டத்துக்கும் அதை ஒட்டிய ஆராய்ச்சி நிலையத்துக்கும் நான் தலைவனாக இருந்தேன். எங்கள் நாற்றங்காலுக்கு நிழல் என்று இருந்தது ஒரே ஒரு மூங்கில் புதர்தான். அதன் கிழங்கை வத்தல்மலையிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து நட்டவர் எங்கள் தலைமைத் தோட்டக்காரர். அப்போது அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. நான் சேர்ந்தபோது பேரன் எடுத்திருந்தார்.

ஒரு தை மாதம் அது பூத்தது. இலையெல்லாம் உதிர்ந்து, கணுவுக்குக் கணு வைக்கோல் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூ. பூத்த மூங்கில் பிழைக்காது என்று படித்திருக்கிறேன். ஆனாலும் ஆசை யாரை விட்டது? அது போனால் கோடையில் நாற்றுகள் கருகிவிடும்.

தோட்டக்காரருக்குத் தெரிந்த வைத்தியம், சோர்ந்த செடி பூத்தால் பூவைக் கிள்ளிவிடுவது. ரோஜாவுக்குப் பலித்ததை மூங்கிலுக்கும் செய்யக் கிளம்பினார். பனைமர உயரத்தில் எப்படிக் கிள்ளுவது?

"பாதிக் கழிய அடியோட வெட்டிப்போடலாமுங்க. பாதியாச்சும் பொழைக்கும்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கூடவே கொஞ்சம் நம்பிக்கையும் வந்துவிட்டதால் சரி என்றேன்.

வெட்டிய அடியில் எரு போட்டுத் தண்ணீர் விட்டதும் புதுத் துளிர்கள் வந்தன. தோட்டக்காரர் ஆட்களுக்கெல்லாம் வெல்லம் வாங்கிக் கொடுத்தார். சில வாரங்களில், முழங்கால் உயரம்கூட வளராத அந்தத் துளிர்களும் பூத்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மண்ணில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கோ பயம். இது நோய்தான், மீதியையும் வெட்டி எரிக்க வேண்டும் என்று கொடுவாளோடு வந்து நின்றார்.

பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போகும் வழியில் எங்களுக்கு மூலிகை கொடுத்துவிட்டுப் போகும் வத்தல்மலை விவசாயி ஒருவர் அப்போது வந்தார். மூங்கிலை அண்ணாந்து பார்த்தார்.

"இங்கயும் வந்துடுச்சுங்களா? மலையில ஒண்ணு பாக்கியில்லீங்க, எல்லாமே பூத்துக் கெடக்குது."

மூங்கிலரிசி உதிரும்வரை மலையில் யாரும் ஒரு கழியைத் தொடமாட்டார்களாம்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடித்து, மலையைப் பிரிந்து ஒரு தலைமுறையே ஆகிவிட்ட மூங்கில். மலை பூத்தபோது அதுவும் பூத்திருக்கிறது. யார் போய்ச் சொன்னார்கள் அதற்கு? ஒரு நிலையத்துக்கே தலைவன் என்ற மிடுக்கெல்லாம் எங்கே போயிற்றோ, எனக்குக் கைகூப்பத் தோன்றியது, கூப்பினேன். தோட்டக்காரர் கொடுவாளைக் கீழே வைத்துவிட்டார்.

வெட்டாமல் விட்ட பாதி அரிசி உதிர்த்துவிட்டுக் காய்ந்து செத்தது. பனையோலை மறைப்புக் கட்டியும் நாற்றுகளில் பாதிதான் தேறின. உதிர்ந்த அரிசியை அதே இடத்தில் விதைத்தோம். மழைக்குப் புல்போல முளைத்தது.

எங்கள் தோட்டத்தில் எந்தச் செடிக்கும் பெயர்த்தகடு வைப்பது வழக்கம். அதற்காக மண்ணெண்ணெய் டின் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தபோது தோட்டக்காரர் கேட்டார்:

"இது மறுக்கா பூக்கறப்ப நாம இருக்கமாட்டமுங்க. அப்ப இருக்கறவங்க நோயின்னு வெட்டிப்புட்டா?"

பெயரை எழுதவில்லை. 'பூத்தால் பயப்படாதீர்கள், வெட்டாதீர்கள்' என்று எழுதினேன். அந்தத் தகடு பத்து வருஷம்கூடத் தாங்காது என்று இருவருக்கும் தெரியும். இருந்தும் அவர் குழி தோண்டி, ஆட்டிப் பார்த்து, ஆழமாக நட்டார்.