வண்டிக்கு முப்பது லிட்டர்

எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தால்தான், பெட்ரோல் ஸ்டேஷன் கவுண்டரில் இருப்பவளோடு ஊரே உறவு கொண்டாடும். என்னைப் போலக் கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டிக்கொண்ட சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? அந்த வாரம் எங்கள் லகாட் ஊரில், ஸ்டேஷன் முதலாளியான தவுக்கே ஓர் அட்டை எழுதி மாட்டினார்: எந்த வண்டியானாலும் ஒரு நாளைக்கு முப்பது லிட்டர்தான்.

நாலு லிட்டர் டேங்க்

மறுநாளே கூட்டம் இரண்டு மடங்கு. தினமும் ஐந்து வெள்ளிக்குப் போடும் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் நெஞ்சை நிமிர்த்தி, "முப்பது லிட்டர்" என்றார். அளவு வைக்காதவரை ஐந்து வெள்ளியே அவருக்குப் போதும். வைத்தபிறகு, குறைத்து வாங்கினால் ஏமாந்துவிட்ட மாதிரி. உங்கள் டேங்க் நாலு லிட்டர்தானே பிடிக்கும் என்றேன்.

"எல்லாருக்கும் முப்பதுன்னு எழுதிப் போட்டுட்டு, எனக்கு மட்டும் நாலுன்னா என்னக்கா நியாயம்?"

அட்டை எழுதியவர்

பம்பில் நிற்கும் செல்விக்கு அந்த அட்டைதான் வேதம். ஞாயிற்றுக்கிழமை சித்தியவானில், மாப்பிள்ளை ஊரில், அவளுக்குக் கல்யாணம். லீவு எடுடி என்றால் கேட்கமாட்டாள். எஸ்டேட் பிள்ளைகளோடு வளர்ந்த எங்கள் சீனத் தவுக்கே நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். ஒருநாள் காலையில் தன் காருக்கு முப்பது லிட்டர் போட்டவர், மாலையில் அதே காரோடு மறுபடி வந்தார். செல்வி அட்டையைக் காட்டினாள். வரிசையே கைதட்டியது.

"அய்யோ செல்வி, அத எழுதினதே நான்லா! எனக்குமா?"

கல்யாண பஸ்

ஞாயிறு விடிந்ததும் கல்யாண பஸ் எங்கள் ஸ்டேஷனில் வந்து நின்றது. மணப்பெண் செல்வியோடு நானும் அதில்தான் இருந்தேன். டேங்க் காய்ந்து கிடந்தது. முப்பது லிட்டர் சித்தியவான் போகத்தான் காணும், திரும்பி வரக் காணாது என்றார் டிரைவர். அவ்வளவுதான், மறுநாள் வேலைக்குப் போகவேண்டிய சொந்தக்காரர்கள் இறங்க எழுந்துவிட்டார்கள். பஸ் காலியானால் கல்யாணத்தில் பெண் வீட்டார் யார் இருப்பார்கள்? தவுக்கே ஓடிவந்து, பம்பில் நின்ற பையனிடம், இன்றைக்கு மட்டும் நிறைய ஊற்று என்றார். வரிசையில் நின்றவர்கள் செல்வியையே பார்த்தார்கள்.

பட்டும் பூவுமாக ஜன்னலில் தலையை நீட்டி, முப்பதோடு நிறுத்தச் சொன்னாள் செல்வி. அவள் மாமா, "அப்ப எப்படி திரும்பி வரது?" என்று கத்தினார். அவள் சொன்ன பதிலில் பஸ்ஸே சிரித்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எனக்குப் போற எண்ணெய் போதும்லா மாமா, திரும்பி வரவேண்டியது நீங்கதானே!"

தாலி நேரத்துக்குக் கட்டியாயிற்று. திரும்பி வர டீசலுக்காகச் சித்தியவானில் பட்டுச்சேலையோடு மூன்று மணி நேரம் வரிசையில் நின்றபோதுதான், என் கண்ணாடிக் கூண்டு எவ்வளவு சொகுசான இடம் என்று தெரிந்தது.