ஒரு கொம்பு செயற்கை

நகர நூலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பொழுதுபோக்குக் கண்காட்சியின் கையேட்டில் அவரைப் பற்றி இப்படி அச்சாகியிருந்தது: "இல்லத்தரசி. பட்டாம்பூச்சி ஆர்வலர். மென்மையான உள்ளம் கொண்டவர்." மூன்றும் தவறு. இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு தவறு செய்யத் தனித்திறமை வேண்டும். கண்காட்சிக் குழுவின் செயலாளருக்கு அது இருந்தது. புதிதாகப் பொறுப்பேற்ற அவர் இந்த அம்மாளைச் சந்தித்ததே இல்லை.

அந்த இல்லத்தை அரசாள்வது கணவர். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஸ்டியரிங்கை விட்டபிறகு கரண்டியைப் பிடித்தார். அடுப்படியில் தன்னை யாரும் ஓவர்டேக் செய்ய விடுவதில்லை. அடுத்து, அம்மாள் சேர்ப்பது பட்டாம்பூச்சி அல்ல, அந்துப்பூச்சி. அதிலும், இறக்கையை விரித்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டை மறைக்கிற காட்டுப் பட்டு அந்துப்பூச்சி. மென்மையான உள்ளம் பற்றிச் சொல்வதானால், அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில், பச்சைப் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். தெரியாமல் அதைத் திறந்துவிட்டவர்கள் பிறகு அந்த வீட்டில் பட்டாணி சாப்பிட்டதில்லை.

அம்மாளின் தொழில் பல் செட் செய்வது. தெருவில் எல்லோருக்கும் அவர் பல்லக்கா. வங்கிக் கட்டடத்தின் பின்னால், மாடிப்படிக்கு அடியில் ஒரே ஓர் அறை. கதவுக் கைப்பிடி முதல் நாள்காட்டி வரை பிளாஸ்டர் தூசு. ஊரிலுள்ள பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகள் அங்கே வந்து சேரும். அவர் மெழுகில் ஈறு செய்து, பல் அடுக்கி, வேகவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, பிறகு அந்தப் பளபளப்பைக் கொஞ்சம் கெடுப்பார். புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி அதைப் பார்த்துப் பதறினாள்.

"என்னக்கா, நல்லாயிருக்கிற பல்லுல போய் கறையை வெக்கிறீங்க?"

"அறுபது வயசு ஆளுக்கு வெள்ளை வெளேர்னு பல்லு இருந்தா எவன் நம்புவான்? ரெண்டு டீக்கறை, ஒரு பல்லு லேசா கோணல். அப்பதான் அது அவரு பல்லு. இல்லேன்னா அது என் பல்லு."

இந்தத் தொழிலில் ஒரு வம்பு உண்டு. வேலை நன்றாக இருந்தால் யாருக்கும் தெரியாது; தெரிந்துவிட்டால் வேலை நன்றாக இல்லை. கடைத்தெருவில் அவர் செய்த பற்கள் ஆப்பிள் கடித்தன, பேரம் பேசின, மேடையேறி நேர்மையைப் பற்றி முழங்கின. அவர் கூட்டத்தில் நின்று, கீழ்வரிசை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போவார். சமையல்காரரைப் பாராட்டலாம், தையல்காரரைப் பாராட்டலாம். பல் செட்காரரைப் பாராட்ட ஒருவர் முதலில் தனக்குப் பல் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். யார் ஒப்புக்கொள்வார்?

அந்துப்பூச்சி அவர் வாழ்க்கைக்குள் வந்தது பேருந்தில். கல்யாணமான புதிது. காலை வண்டியை எடுக்கப் போன கணவர், முன்கண்ணாடியில் காய்ந்த இலை ஒட்டியிருக்கிறதென்று தட்டிவிடக் கையை நீட்டினார். இலை நடந்தது. நான்கு இறக்கையிலும் கண் மாதிரி வட்டம். தொடப் பயந்தாலும், புது மனைவிக்குக் காட்ட வேண்டுமென்று நடத்துநரின் டிக்கெட் பையில் போட்டுக் கொண்டுவந்தார். அன்று நடத்துநர் சட்டைப்பையில் சில்லறை வைத்துச் சமாளித்தாராம்.

அவள் அதைப் பட்டறைப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்துப் பார்த்தாள். பிறகு கத்தினாள்.

"என்னங்க! இதுக்கு வாயே இல்லங்க!"

"வாயில்லாம எப்படி?"

"இல்லங்க. இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுமில்ல. பல்லு கிடையாது, நாக்கு கிடையாது, ஈறு கிடையாது."

நகையோ புடவையோ பார்த்து அவள் அப்படி மகிழ்ந்ததில்லை என்று கணவர் இன்றும் சொல்வார். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பிழைப்பு நடத்துகிறவளுக்கு, வாயே இல்லாத ஒரு ஜீவன் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவருக்குப் புரியக் கொஞ்சம் காலமாயிற்று. புழுவாக இருக்கும்போது தின்றுதீர்த்த இலையை வைத்துக்கொண்டு, பூச்சியான பிறகு ஒரு வாரம் பட்டினியாக வாழ்ந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும் இனம் அது.

பிறகென்ன, முட்டை வந்தது, புழு வந்தது. புழுவுக்கு இலை பறித்து வரும் பொறுப்பு கணவருக்கு. அவருக்குப் புழு என்றால் ஆகாது. இலைக்கொத்தைப் பெட்டிக்குள் வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்னோக்கி வண்டி எடுப்பவர் போல மெதுவாகக் கையை உள்ளே விடுவார். கூட்டிலிருந்து வெளிவரும் பூச்சிகளில் பெரும்பாலானவை சமையலறை ஜன்னல் வழியாகப் பறந்து போய்விடும். இறக்கையில் ஒரு கீறலும் இல்லாத ஓரிரண்டு மட்டும் உறைபெட்டிக்குப் போகும். அங்கிருந்து தக்கைப் பலகைக்கு, பலகையில் இறக்கை விரித்துக் காய்ந்தபின் கண்ணாடிப் பெட்டிக்கு. வரவேற்பறைச் சுவர் முழுக்க இப்போது அந்தப் பெட்டிகள்தான். கல்யாணப் படம் குளியலறைக்குப் போகும் வழியில் தொங்குகிறது.

இதைப் பொறுக்காதவர் கணவரின் அக்கா. அடுத்த தெருவில் வீடு, தினமும் வருவார்.

"வீடா இது? சவக்கிடங்கு! நடமாடுற மனுஷங்க படத்தக் கழட்டிட்டு செத்த பூச்சிய மாட்டி வெச்சிருக்கா. நீயும் அதுக்கு ஆணி அடிச்சுக் குடுக்குறே, வெக்கமா இல்ல?"

"அக்கா, நேரா அடிச்சிருக்கேனா பாரு," என்பார் தம்பி.

நாத்தனார் பேசும்போது பல்லக்காவின் கவனமெல்லாம் வேறு இடத்தில் இருக்கும். நாத்தனார் வாயிலிருக்கும் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் பல்லக்கா செய்தது. நாத்தனார் அதைத் தன் சொந்தப் பல் என்று ஊருக்குச் சொன்னார், தம்பியிடமும் சொன்னார். செய்த பல்லக்காவிடமே ஒருமுறை சொன்னார்.

கண்காட்சியில் பல்லக்காவுக்கு எப்போதும் இரண்டாம் பரிசு. முதல் பரிசு பெற்ற பொருள் நூலக வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு வருடம் தொங்கும். பட்டறைக்குப் போகும் வழி அது. கண்ணாடிக்குள் அஞ்சல்தலை தொங்கியதைப் பார்த்தார். தீக்குச்சியில் கட்டிய கப்பலைப் பார்த்தார். சோப்புக்கட்டியில் செதுக்கிய யானையை ஒரு வருடம் முழுக்கப் பார்த்தார். யானைக்குத் தந்தம் சரியில்லை என்பது அவர் கருத்து. அந்தச் சுவர் வேண்டும் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்த இடத்தில் அவர் நடை மெதுவாவதைக் கணவர் கவனித்திருந்தார்.

இந்த வருடம் கிடைத்துவிடும் போலிருந்தது. புழுக்கள் பாதிக்குமேல் நோயில் போனபிறகு, மிஞ்சியவற்றிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மாசுமறுவில்லாமல் வந்தன. ஆணின் தலையில் இரண்டு உணர்கொம்புகள், பறவை இறகைச் சின்னதாக்கி ஒட்டியது போல. அவற்றை வைத்துத்தான் அது எங்கோ இருக்கும் பெண்ணை மோப்பம் பிடிக்கிறது. பலகையில் இரண்டும் காய்ந்துகொண்டிருந்தன. கண்காட்சிக்கு இன்னும் ஒரு வாரம்.

அன்று மத்தியானம் பட்டறைக்குக் கணவரின் ஃபோன் வந்தது.

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?"

பல்லக்கா கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார். அந்த மனிதர் அந்த நேரத்தில் அப்படிக் கேட்டதே கிடையாது; சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்ததே அவர்தான்.

"எதை உடைச்சீங்க?"

"உடைக்கலம்மா. ஊதினேன்."

பலகைப் பக்கம் ஓர் எறும்பு போயிருக்கிறது. எறும்பு ஏறினால் பூச்சி காலி என்று தெரியும். கையால் தொடக்கூடாது என்றும் தெரியும். அதனால் ஊதினார். பத்துப் படிக்கட்டுப் பயணிகளை ஒரே அதட்டலில் உள்ளே ஏற்றிய நெஞ்சு அது. எறும்பு போயிற்று, கூடவே ஆணின் ஓர் உணர்கொம்பும் போயிற்று.

"எங்க விழுந்துச்சு? அப்படியே இருங்க, நான் வந்து தேடுறேன்."

"தேடிட்டேன். மண்டி போட்டு, டார்ச் அடிச்சு, ஃபிரிட்ஜுக்கு அடியில, கட்டிலுக்கு அடியில எல்லாம்."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது," என்றார் கணவர். "என் முட்டிக்கு அடியில."

பல்லக்கா வீட்டுக்கு வந்தபோது அவர் சமையலைக்கூடத் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பல்லக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் தேறியிருப்பார். பல்லக்கா பூதக்கண்ணாடியை எடுத்து மீதமிருந்த கொம்பை வெகுநேரம் பார்த்துவிட்டு, "செஞ்சிடலாம்," என்றார்.

செய்தார். பட்டறை வேலை முடிந்த மாலைகளில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். உருக்கிய மெழுகை நூலாக இழுத்து, அதன்மேல் பல் செட்டுக்கான பிசினைத் தடவித் தண்டு செய்தார். பல்லுக்குச் சாயம் பூசும் மெல்லிய தூரிகையிலிருந்து முடியை ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்து இரண்டு பக்கமும் பதித்தார். மூச்சை அடக்கிக்கொண்டுதான் பதிக்க வேண்டும்; ஊதினால் என்ன ஆகும் என்று அந்தக் குடும்பத்துக்கு இப்போது தெரியும். முதலில் செய்தது மிக அழகாக இருந்தது. தூக்கிப் போட்டார். அடுத்ததில் நுனியருகே இரண்டு முடியைப் பிடுங்கி, டீக்கறைக்கு வைக்கும் சாயத்தில் லேசாக அழுக்காக்கினார். பூச்சியின் தலையில் ஒட்டியபிறகு கணவரைக் கூப்பிட்டார்.

"எது பொய்?"

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயையும் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். "ரெண்டும் அதோடதுதானே?" என்றார். இரண்டு நாளுக்குப் பிறகு அன்றுதான் சமைத்தார்.

ஆனால் கண்காட்சிக்கு ஒரு விதி உண்டு. ஒட்டுப்போட்டது, மாற்று உறுப்பு வைத்தது எதுவாயினும் பெட்டியின் சீட்டில் எழுத வேண்டும். எழுதினால் காட்சிக்கு வைக்கலாம், பரிசு கிடையாது. எழுதாதவர்களும் உண்டென்று எல்லோருக்கும் தெரியும். பல்லக்கா சீட்டை எழுதினார்: பூச்சியின் இனம், ஆண், பெண், வீட்டில் வளர்த்தது. அதோடு நிறுத்திவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்.

நாத்தனார் வந்தார். விஷயம் முழுக்கத் தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். கூடத்துக் கதவைச் சாத்தினார், பிறகு அடுப்படிக் கதவையும் சாத்தினார்.

"எழுதிக் கிழுதி வெக்காதே."

"விதி இருக்கே அண்ணி."

"விதியாவது மண்ணாவது! எத்தனை வருஷமா அந்தச் செவுத்தப் பாத்துட்டுப் போறே? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. இந்தப் பல்லு என் வாயில எத்தன வருஷமா இருக்கு? என் சம்பந்தி, அவ கண்ணு இருக்கே, கழுகு! அவளே கண்டுபிடிக்கல. முறுக்கா கடிக்கிறேன், சண்டை போடுறேன், ஒருத்தருக்கும் தெரியாது. உன் கை அப்படி. நீ சொல்லாத வரைக்கும் அது பூச்சியோட கொம்புதான்."

பல்லக்கா அவரையே பார்த்தார். அவ்வளவு காலத் தொழிலில், தான் செய்த பல்லைப் பற்றி அதை மாட்டியிருக்கும் ஒருவர் சொல்லி அவர் கேட்ட முதல் பாராட்டு அது. இரண்டு கதவைச் சாத்திவிட்டு வந்த பாராட்டு.

"ரொம்ப சந்தோஷம் அண்ணி," என்றார். "இதையே கூடத்துல வந்து சொல்வீங்களா?"

"எதை?"

"பல்லு நான் செஞ்சதுன்னு."

"என்ன பல்லு?" என்றார் நாத்தனார். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

கண்காட்சியன்று அந்தப் பெட்டியைச் சுற்றி நல்ல கூட்டம். நடுவர், விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர், மற்ற மேசைகளில் நின்றதைவிட அதிக நேரம் அங்கே நின்றார். சீட்டைப் படித்தார். லென்ஸை எடுத்துப் பூச்சியைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் படித்தார், மறுபடி பூச்சியைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்னு போடலையேம்மா?"

"சொல்லட்டுங்களா?"

"வேணாம், வேணாம். சொல்லிடாதீங்க." அவர் லென்ஸை மூடவில்லை. "பரிசு குடுக்க முடியாதுன்னு தெரியும்தானே?"

"தெரியும் சார்."

"சாயந்தரம் மூடுறதுக்குள்ள இன்னொரு தடவ வரேன். அதுவரைக்கும் யார் கேட்டாலும் சொல்லாதீங்க." வந்தார். இடது என்றார், பிறகு வலது என்றார், பிறகு மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கணவர் பெட்டிக்கு இரண்டடி தள்ளி, வருகிறவர்களிடம் "கிட்டப் போய் மூச்சு விடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாத்தனாரும் வந்திருந்தார், சீட்டைப் படித்துவிட்டு, கையால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

முதல் பரிசு, உப்பில் செய்த கோட்டைக்குப் போயிற்று. நூலகச் சுவரில் இப்போது அதுதான் இருக்கிறது. பல்லக்கா தினமும் அதைக் கடந்து பட்டறைக்குப் போகிறார்.

கையேட்டில் இல்லாதது இது. கண்காட்சிக்கு முந்தைய நாள் அவர் பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினார். அதில் "ஆணின் ஓர் உணர்கொம்பு செயற்கை" என்று எழுதி, அதற்குக் கீழே "செய்தவர்" என்று போட்டு, தன் பெயரை இனிஷியலோடு முழுதாக எழுதினார்.