டச்சுக் கல்லில் ஒரு முழம் மல்லி

தூத்துக்குடியில் டச்சுக்காரர்கள் கட்டிய பழைய சர்ச்சுக்கு நானும் அம்மாவும் வந்திருக்கிறோம். ஆடுகளை விட்டுவிட்டு வர அப்பாவுக்கு மனசில்லை. "வெள்ளைக்காரன் கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்கிறேன், வா" என்று அம்மாவை அழைத்து வந்தது நான்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாக இங்கிலீஷ் படித்தவனும் நான்தான்.

தரையில் பதித்த கல்லின் முன் குனிந்து நிற்கிறேன். எழுத்தெல்லாம் தெரிகிறது. ஒரு சொல்கூடப் புரியவில்லை.

"அது டச்சு பாஷை, தம்பி," என்கிறார் அங்கே கூட்டிக்கொண்டிருக்கும் அண்ணாச்சி. "பெரிய படிப்பு படிச்சவங்களே இங்கன வந்து முழிச்சிட்டுத்தான் போறாவ."

"அப்ப நீயும் நானும் ஒண்ணுதானாலே?" என்று அம்மா சிரிக்கிறாள்.

எனக்கு முகம் சுருங்கிப்போகிறது. அவளோ கல்லருகே உட்கார்ந்து, அடியில் இருக்கும் இரண்டு வருஷங்களை விரலால் தடவுகிறாள். மிளகாய் வத்தல் சந்தையில் எடைச்சீட்டு பார்த்துப் பழகியவளுக்கு எண்கள் நன்றாகத் தெரியும். நான் கழித்துப் பார்ப்பதற்குள் சொல்லிவிடுகிறாள்.

"இருபத்திமூணு வயசுதாம்லே. உன் வயசு."

கொண்டையிலிருந்த மல்லிகையை எடுத்துக் கல்மேல் வைக்கிறாள். அண்ணாச்சி துடைப்பத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

பஸ் ஸ்டாண்டில் அவள் ஆசையாக வாங்கிய பூ. ஒரு முழம், முப்பது ரூபாய்.